உள்தாழ்ப்பாள்

கார்த்திகை பிறந்து குளம் மறுகால் பாய்ந்துவிட்டால்
மோட்டாருக்கு வேலையில்லை.
மோட்டார் ரூம் பக்கம் போக
நமக்கும் வேலையில்லை.
அது அவனுக்குத் தெரியும்.

போன வருசம் திருக்கார்த்திகை ராத்திரி
ஊரே கோயில் வாசலில் அண்ணாந்து நின்று
சொக்கப்பனை எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க,
கிணற்றுக்குள் இறங்கும் கேபிளைப்
புடலங்காய் நறுக்குவதுபோல
இரண்டு இடத்தில் நறுக்கியிருக்கிறான்.
முப்பத்திரண்டு மீட்டர்.
ஸ்டார்ட்டர் பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது.

சொக்கப்பனைச் சாம்பலை வயலில் தூவினால்
பூச்சி அண்டாது என்பார்கள்.
விடிந்ததும் நானும் ஒரு சருவம் அள்ளப் போனேன்.
சாம்பலுக்குள்
உருகி இறுகிய கறுப்பு ரப்பர்,
அதில் ஒட்டிக்கொண்டு விரல்நீளச் செம்பு.
எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு
சாமி நெருப்பிலேயே என் வயரைத் தோலுரித்திருக்கிறான்.
அன்றைக்கு அந்த வாடையை
யார் மூக்கு சந்தேகப்படும்?

ஸ்டேஷனில் கேட்டார்கள்:
"செம்புல உங்க பேரு எழுதியிருந்துச்சாம்மா?"

அப்புறம் ஆளுக்கொரு யோசனை.
வெல்டிங் மசூது பழைய கதவைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான்.
"கீலு வெளிய இருந்தா பூட்டு வெறும் மூக்குத்திதான்."
கீலை உள்ளே திருப்பி, பட்டை இரும்பு வைத்து,
கேட்காமலே உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் ஒட்டினான்.
திண்டுக்கல் பூட்டு வாங்கினேன்.
மழை அதன் வாய்க்குள் போகாமல்
சைக்கிள் டியூபை அறுத்துப் பாவாடை கட்டினேன்.
வாய்க்கால் கல்லுக்கடியில் இருந்த சாவி
இடுப்புக்கு வந்தது
(அந்தக் கல்லை மாடு மேய்ப்பவர்கூட அறிவார்).
ஜன்னலுக்குக் கீழே உடைமுள்.
வெளிச்சத்துக்கு ஒரு பல்பு போட்டேன்.
பல்பைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சோகாரிலிருந்து போனில் இவர்:
"ஒரு கேமரா வச்சா என்ன, ஆவுடை?"
"கேமராவுக்கு யாரு காவல்?"

இந்த வருசம் திருக்கார்த்திகைக்குக்
காய்ச்சல் என்று சொல்லிவிட்டு
இருட்டும் முன்னே மோட்டார் ரூமுக்குள் போனேன்.
செருப்பையும் உள்ளே எடுத்துக்கொண்டேன்.
வெளியே பூட்டு பெயருக்குத் தொங்கியது,
உள்ளே தாழ்ப்பாள்.
ஈரச் சுவரும் கிரீஸ் வாடையும்.
தவளைகள் கணக்கு ஒப்பிப்பதுபோல ஓயாமல்.
ஜன்னல் கம்பிக்கு அப்பால் பனைகளின் தலையில்
ஊர் நெருப்பின் சிவப்பு.

முள் நகரும் சத்தம்.
இழுத்து எறியவில்லை.
ஒவ்வொரு கிளையாகத் தூக்கி ஓரமாக அடுக்கினான்,
கூலிக்கு வந்தவன் மாதிரி.
பூட்டின் பாவாடையைத் தூக்கிப் பார்த்து
நாக்கால் ஒரு சின்னச் சத்தம். மெச்சினானோ என்னவோ.
கதவோரமாக விரல்கள் இறங்கி
இல்லாத கீலைத் தேடின.

"யார்ல அது"ன்னு போட வேண்டிய அதட்டலை
நாள் முழுக்க வாய்க்குள் பழகிவைத்திருந்தேன்.
வந்தது இதுதான்:
"ஆளு இருக்கு."
பஸ் ஸ்டாண்டு கக்கூசில் சொல்வதுபோல.

கொஞ்ச நேரம் தவளைகள் மட்டும்.
பிறகு தணிந்த குரலில்,
"சரிக்கா."

கிணற்று மேடு வரைக்கும் நடந்தான்.
அதற்கப்புறம்தான் ஓடினான்.

விடிந்து திறந்தால்
அடுக்கிவைத்த முள்ளின் மேல் ஒரு கட்டிங் பிளேயர்,
கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றி.
புது கேபிள் மாட்டிய ஏசுவடியானிடம் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நம்மளுது இல்லக்கா" என்றான்.

அக்கா.
இந்த ஊரில் எனக்கு
அப்படிச் சொல்ல நாற்பது பேர் இருப்பார்கள்.
இப்போது யார் கூப்பிட்டாலும்
முகத்துக்கு முன்னால் கையைப் பார்க்கிறேன்.

மழை இன்னும் ஒரு மாசம் கிடக்கிறது.
பிளேயருக்குத் தேங்காயெண்ணெய் போட்டு
மோட்டார் ரூம் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.
வேலிக்கம்பி வெட்ட உதவுகிறது.
நல்ல இரும்பு.